ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றக் கேட்ட கொட்டேஷன்: இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன பொருள்?

சாட்ஸ்வொர்த்_வீடு (கேள்வி)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் நகராட்சி கட்டிய இரட்டை வீடு. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரருடையது. கூரை முழுவதும் பழைய ஆஸ்பெஸ்டாஸ். எங்கள் பாதியை மாற்ற மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றும் மூன்று மாதிரி இருக்கிறது.

முதலாவது: "ஐ.பி.ஆர். 0.5, ஏஇசட் 150, 76க்கு 50 பர்லின், சிசலேஷன், ரிட்ஜ் கேப், ஃபிளாஷிங், ஃபேஷியா, பார்ஜ்." இரண்டாவது ஒரே வரி: "க்ரோமாடெக் கூரை, எல்லாம் சேர்த்து." மூன்றாமவர், தகரம் வெயிலில் கொதிக்கும், இருக்கிற மரத்திலேயே கான்கிரீட் ஓடு போட்டுத் தருகிறேன் என்கிறார்.

முடிவு எடுக்கப்போவது அப்பா. அவருக்குத் தமிழில் சொல்லி விளங்கவைக்க வேண்டும். அளவுகள்: முகட்டின் நீளம் 7 மீட்டர், சுவருக்குச் சுவர் அகலம் 6.6 மீட்டர், இரண்டு பக்கச் சரிவு. மட்டப்பலகையை ஒரு மீட்டர் நேராகப் பிடித்தால் 21 செ.மீ. உயர்கிறது. சொற்களின் பொருளும், அந்த மூன்று பேரிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தால் போதும்.


கைமரம்

சுவரிலிருந்து முகடு வரைக்கும் வரிசையா ஏறிப் போவோம். அப்படிச் சொன்னா அப்பாவுக்கும் கண்ணில் படும்.

சுவரின் தலையில் நீளவாக்கில் படுக்கவைக்கிற கட்டைதான் வால்பிளேட். பொதுவா 114க்கு 38 மி.மீ. மரம். கூரையின் பாரம் முழுக்க இதன் வழியாத்தான் சுவருக்கு இறங்குது. அதன்மேல் நிற்கிற முக்கோணச் சட்டம் டிரஸ். டிரஸின் சரிந்த கை ராஃப்டர், நம்ம கைமரம். அடியில் படுத்திருக்கிற கட்டை டை பீம். சீலிங் அதில்தான் தொங்கும்.

கைமரத்துக்குக் குறுக்கே போகிற மரங்களுக்கு இரண்டு பெயர் இருக்கு, குழம்பிக்காதீங்க. தகரத்துக்குப் போடுவது பர்லின்: 76க்கு 50, நெட்டுக்குத்தாக நிறுத்தணும், 76 பக்கம் உயரமா வரணும். படுக்கப் போட்டா தொய்யும். ஓட்டுக்குப் போடுவது பேட்டன், ஊரில் ரீப்பர்னு சொல்வோமே, அது: 38க்கு 38, நெருக்கமா 32 செ.மீ.க்கு ஒன்று வரும்.

இரண்டு சரிவும் மேலே சேரும் இடம் ரிட்ஜ், அதாவது முகடு. அதை மூடும் மடித்த தகடு ரிட்ஜ் கேப். இரண்டு கூரைகள் உள்மடிப்பா கூடுகிற இடம் வேலி (valley என்கிற ஆங்கிலச் சொல், முள்வேலி இல்லை). தமிழில் அதற்குக் கூடல்வாய்னு அருமையான சொல் இருக்கு. உங்க வீட்டில் கூடல்வாய் இல்லை, நல்லது. ஒழுகும் இடங்களில் அதுதான் தலைமை. கீழே தண்ணி சொட்டுகிற விளிம்பு ஈவ்ஸ், நம்ம இறவானம். இறவானத்தில் கைமர நுனிகளை மூடி நீளவாக்கில் ஓடுகிற பலகை ஃபேஷியா, மழைத்தண்ணியைப் பிடிக்கிற கட்டர் அதில்தான் மாட்டும். முக்கோணச் சுவர்ப் பக்கம் சரிவோடு ஏறுகிற பலகை பார்ஜ் போர்டு.

ஃபிளாஷிங் என்பது கூரை சுவரில் முட்டும் இடத்தை மூடுகிற மடித்த தகடு. இது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். "ஃபிளாஷிங்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தா எங்கே, எத்தனை மீட்டர், எவ்வளவு அகலத் தகடு என்று மூணையும் கேளுங்க. நம்ம ஊரில் சுருள் தகடு 925 மி.மீ. அகலத்தில் வருது. அதை இரண்டா வெட்டினா 462, மூணா வெட்டினா 308. அதனால்தான் ரிட்ஜ் கேப் 462 என்கிற விசித்திரமான எண்ணில் விற்கிறாங்க. 308இல் ரிட்ஜ் போட்டால் விலை குறையும். ஆனா உங்க சரிவில் காற்றோடு அடிக்கிற மழை உள்ளே ஏறிடும்.

சிசலேஷன் என்பது தகடுக்கு அடியில் விரிக்கிற வெள்ளி நிற ஃபாயில். அது ஒரு கம்பெனிப் பெயர், நம்மாட்கள் வாயில் பொதுச்சொல் ஆயிடுச்சு. இரண்டு வேலை செய்யுது: தகரத்திலிருந்து கீழே வீசும் வெக்கையைத் திருப்புது, தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டும் தண்ணியைக் கட்டருக்குக் கொண்டுபோகுது. ஒன்றின்மேல் ஒன்று 150 மி.மீ. ஏறணும், கீழ் விளிம்பு கட்டருக்குள் விழணும். ஃபேஷியாவுக்குப் பின்னால் முடிஞ்சிருந்தா சொட்டுவதெல்லாம் சுவர்த்தலையில் இறங்கி வால்பிளேட்டை நனைக்கும்.

இனி எந்தக் கொட்டேஷனிலும் இல்லாதது. டிரஸைச் சுவரோடு கட்டிப்போடும் இரும்புப் பட்டை, ஹூப் அயர்ன். மூணு பேருமே எழுதலை. உங்க பழைய ஆஸ்பெஸ்டாஸ் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ. ஐ.பி.ஆர். 0.5, அதாவது அரை மி.மீ. மடித்த இரும்புத் தகடு, அஞ்சேகால் கிலோதான். உங்க சரிவு இரண்டும், சுவருக்கு வெளியே நீட்டுவதோட சேர்த்து, 56 சதுர மீட்டர் வரும். அப்போ 900 கிலோ இருந்த இடத்தில் 300 கிலோ. மணிக்கு 108 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் அந்த அளவு மேல்நோக்கி உறிஞ்சும். முன்பு அதில் 16 கிலோவைக் கூரையே தன் எடையால் அடக்கிச்சு. இனி 5 மட்டும். மிச்சம் 50 கிலோவையும் கட்டுத்தான் தாங்கணும்.

புது வீட்டில் ஓட்டுக் கூரைக்குப் பட்டை சுவருக்குள் 300 மி.மீ. இறங்கினா போதும், தகரக் கூரைக்கு 600 இறங்கணும் என்று நம்ம நாட்டு விதியே சொல்லுது. காரணம் இதுதான்: லேசான கூரைக்கு அதிகச் செங்கலைச் சேர்த்துப் பிடிக்கணும். 2017 அக்டோபர் 10 டர்பன் புயலையும், 2024 ஜூன் 3 டோங்காட் சுழற்காற்றையும் நினைச்சுப் பாருங்க. அப்படிப்பட்ட நாளில் தகரம் மட்டும் தனியா உரிஞ்சு போவதோட நிக்காது. பர்லினோ டிரஸோ சேர்ந்தே கிளம்பும்.


நீர்வழி

கைமரம் சொன்னவை சரி. ஆனால் புதுக் கூரையைப் பற்றிப் பேசும் முன் பழையதை யார், எப்படி இறக்குகிறார் என்பது முடிவாக வேண்டும். உங்கள் மூன்று கொட்டேஷனிலும் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குக் கவலை தருகிறது.

தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்பு, இறக்குமதி, பயன்பாடு எல்லாம் 2008 மார்ச்சில் தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே கூரையில் இருப்பதை உடனே அகற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அகற்றும்போது 2020 நவம்பரில் வந்த ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிமுறைகள் பொருந்தும். 10 சதுர மீட்டருக்குக் குறைவான சிறு வேலை ஒரு வகை. உங்களுடைய 56 சதுர மீட்டர் அதில் அடங்காது. தொழிலாளர் துறையில் ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரராகப் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். அவர் துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

கூரை போடுபவரும் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். எனவே இரண்டு விலைகள் தனித்தனியாக வர வேண்டும். "பழைய ஷீட்டை இறக்கித் தருகிறோம், இலவசம்" என்று யாராவது சொன்னால், அவை எந்த ஓடைக்கரையில் போய் விழும் என்று யோசியுங்கள். பதிவு எண், அபாயக் கழிவு கொட்ட அனுமதி பெற்ற இடத்தில் ஒப்படைத்ததற்கான சான்று, வேலை முடிந்தபின் இடம் தூய்மை என்ற சான்று ஆகிய மூன்றும் எழுத்தில் வேண்டும்.

சரியாகச் செய்பவர் இப்படிச் செய்வார். வீட்டைச் சுற்றித் தரையில் பிளாஸ்டிக் விரிப்பார். ஜன்னல், தண்ணீர்த் தொட்டி மூடப்படும். ஷீட்டின் மேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பார். துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகளைக் கிரைண்டர் இல்லாமல் கத்தரியால் வெட்டுவார். ஷீட்டை முழுதாக, உடையாமல், கைமாற்றிக் கீழே இறக்குவார், மேலிருந்து வீசமாட்டார். தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி ஏற்றுவார். கடைசியாக, சீலிங்கின் மேல்பக்கத்தில் அறுபது வருடமாகப் படிந்த தூசியை நுண்வடிகட்டி உள்ள வேக்குவத்தால் உறிஞ்சுவார். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். துடைப்பத்தால் கூட்டவே கூடாது. இழை வீட்டுக்குள் பரவும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அந்த ஷீட்டின் மேல் யாரும் ஏறி நடக்கக் கூடாது. பழசான சிமென்ட் ஷீட் முன்னறிவிப்பில்லாமல் உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். இரண்டு, மாற்றும் வரை பாசியைப் போக்குகிறேன் என்று அழுத்தத் தண்ணீர் மெஷினால் கழுவ விடாதீர்கள். மேல் சிமென்ட் ஏற்கெனவே மழையில் கரைந்திருக்கும், கழுவினால் இழை வெளியே வந்து முற்றத்திலும் கட்டரிலும் படியும்.

அந்தக் காலத்து வீடுகளில் கட்டர், மழைநீர்க் குழாய், ஃபேஷியா, பார்ஜ், சில இடங்களில் சீலிங் பலகைகூட ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்கலாம். கணக்கெடுக்கும்போது அவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாதி வேலையில் தெரியவந்தால் விலை ஏறும். இப்போது கடையில் விற்கும் ஃபைபர் சிமென்ட் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.


தகரப்பட்டறை

தகட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஐ.பி.ஆர். என்பது வடிவத்தின் பெயர். சதுர மேடும் அகலப் பள்ளமுமாக மடித்த தகடு. மேடு சுமார் 37 மி.மீ. உயரம், ஒரு ஷீட் மூடும் அகலம் 686 மி.மீ. அலைஅலையாக இருப்பது கரகேட்டட், இங்கே ஆஃப்ரிக்கான்ஸில் சிங்க்பிளாட். அது மூடும் அகலம் 762, ஆனால் அலை உயரம் 18 மி.மீ.க்குள்தான். மேடு உயரமாக இருப்பதால்தான் ஐ.பி.ஆர். குறைந்த சரிவிலும் தாங்குகிறது.

க்ரோமாடெக் வடிவமே அல்ல. தொழிற்சாலையிலேயே வர்ணம் பூசிவரும் துத்தநாகத் தகட்டின் வணிகப் பெயர் அது. க்ரோமாடெக்கில் ஐ.பி.ஆர்.உம் கிடைக்கும், கரகேட்டடும் கிடைக்கும். ஆகவே உங்கள் இரண்டாவது கொட்டேஷன் வடிவம், தடிமன், பூச்சு எதையும் சொல்லவில்லை. மற்ற கொட்டேஷனோடு அதை ஒப்பிடவே முடியாது.

இசட் 275 என்றால் துத்தநாகம், இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம். ஏஇசட் 150 என்றால் அலுமினியம்-துத்தநாகக் கலவை 150 கிராம். அதில் 55 விழுக்காடு அலுமினியம். எண் சிறியது என்று மட்டம் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் லேசு என்பதால் பூச்சின் தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான், பக்கத்துக்கு 0.02 மி.மீ. ஈரக்காற்றில் ஏஇசட் அதிக நாள் வரும். ஆனால் அதற்கு மூன்று விரோதிகள்: ஈரச் சிமென்ட் சாந்து, ஈயத் தகடு, செம்பு தொட்டுவரும் தண்ணீர்.

தடிமன் விஷயத்தில் கவனம். இரும்பு மட்டும் 0.47, பூச்சு 0.04, கூட்டினால் 0.51. இதையே "0.5" என்று விற்பவர் உண்டு, இரும்பு மட்டும் 0.5 உள்ளதை "0.5" என்று விற்பவரும் உண்டு. "பூச்சு நீக்கி எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 0.47 கெட்ட தகடு அல்ல. 0.5க்குப் பணம் கொடுத்து 0.47 வாங்குவதுதான் கெடுதல்.

உங்கள் கணக்கு. ஒரு மீட்டருக்கு 21 செ.மீ. என்றால் 12 பாகைச் சரிவு. பாதி அகலம் 3.3, இறவானம் 0.45 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் கிடையாக 3.75, சரிவில் 3.83 மீட்டர். முகட்டில் கொஞ்சம் விட்டு, கட்டருக்குள் 50 மி.மீ. நீட்டி, ஷீட் 3.85 மீட்டர் நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி வாங்குங்கள். இரண்டு துண்டாக ஒட்டவைத்தால் அந்த ஒட்டே ஒருநாள் ஒழுகும். முகட்டு நீளம் 7.0, முக்கோணச் சுவர்ப் பக்கம் வெளிநீட்டம் 0.3 என்று வைத்துக்கொண்டால் 7.3. அதை 0.686ஆல் வகுத்தால் 10.6, அதாவது சரிவுக்கு 11 ஷீட். மொத்தம் 22, ஓட்டத்தில் 85 மீட்டர். பர்லின் சரிவுக்கு 4 வரிசை, 1.2 மீட்டர் இடைவெளி, 8 வரிசைக்கு 58.4 மீட்டர், வெட்டுச் சேதத்துக்குச் சேர்த்து 64.

ஸ்குரூ ஷீட்டின் மேட்டில் போகவேண்டும், பள்ளத்தில் அல்ல. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். மேடு 37, மரத்துக்குள் குறைந்தது 28, எனவே 65 மி.மீ. ஸ்குரூவுக்குக் குறையக் கூடாது. இறவானத்திலும் முகட்டிலும் உள்ள வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று, வரிசைக்கு 45; நடு வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்று, 23. மொத்தம் 272. பக்க ஒட்டில் (ஒரு ஷீட்டின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும் இடம்) பர்லினுக்கு நடுவே ஒவ்வொன்று, இன்னும் 60. ரிட்ஜ், ஃபிளாஷிங் சேர்த்து 420 வாங்கலாம். ரப்பர் வாஷர் இரும்பு வாஷரோடு ஒட்டியே இருக்கும் வகையாக வேண்டும். முறுக்கும்போது ரப்பர் லேசாகப் பிதுங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தட்டையாக நசுங்கிவிட்டால் இரண்டு கோடையில் வெடித்து அந்த ஓட்டையே வாய் திறக்கும்.

ஷீட் போடும் திசையையும் சொல்லுங்கள். டர்பனில் பலத்த மழை பெரும்பாலும் தென்மேற்குக் காற்றோடு வரும். அதனால் வடகிழக்கு முனையில் தொடங்கித் தென்மேற்கு நோக்கி அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். முகட்டில் பள்ளத்தின் நுனியை மேலே மடிக்க வேண்டும், இறவானத்தில் கீழே மடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, அதைச் செய்யாத கூரையில் காற்று தண்ணீரைத் தள்ளி ரிட்ஜுக்கு அடியில் உள்ளே ஏற்றும்.

வெட்டுவது கத்தரி அல்லது நிப்ளரால் (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி). கிரைண்டர் போட்டால் பொறி பறந்து பூச்சு எரியும், விளிம்பு துருப்பிடிக்கும். துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே கூட்டித் தள்ளச் சொல்லுங்கள்; ஒரு மழை போதும், கூரை முழுக்கச் சிவப்புப் புள்ளி.


இசிப்பிங்கோ_காற்று

கடலுக்குக் கிட்டே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சாட்ஸ்வொர்த் உள்ளே தள்ளி இருப்பதால் ஏஇசட் 150 சரி, வர்ணம் பூசியதானால் இன்னும் நல்லது. இசிப்பிங்கோ பீச் போல உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் அலுமினியத் தகடே போடுங்கள், ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகு. அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும்: 4 மீட்டர் தகடு 40 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். துளையைக் கொஞ்சம் பெரிதாக விடாவிட்டால் ஸ்குரூவைச் சுற்றிக் கிழியும்.

இன்னொன்று. மழை நனைக்காத அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும், இறவானத்தின் கீழே. அங்கே படியும் உப்பை மழை கழுவுவதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை சாதா ஹோஸ் பைப்பால் கழுவினால் கூரையின் ஆயுளில் நல்ல வித்தியாசம் தெரியும். (நீர்வழி எச்சரித்தது பழைய ஆஸ்பெஸ்டாஸுக்கு. உலோகத் தகட்டைத் தாராளமாகக் கழுவலாம்.)


சாட்ஸ்வொர்த்_வீடு

கைமரம் அண்ணா, தகரப்பட்டறை ஐயா, நீர்வழி, எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பா ஸ்குரூ கணக்கு வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஓடு பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை, "ஓடுதான் வீட்டுக்கு லட்சணம், குளிர்ச்சி" என்கிறார். அடுத்த வீட்டுக்காரர் இப்போது மாற்றப் போவதில்லை. ஷீட் நடுச்சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் கிடக்கிறது. அந்த இடத்தை எப்படி முடிப்பது?


கைமரம்

ஓட்டைப் பற்றி முதலில். கான்கிரீட் ஓடு 420க்கு 332 மி.மீ., ஒன்று நாலரை கிலோ. 320க்கு ஒரு பேட்டன் வைத்தால் சதுர மீட்டருக்குப் பத்தரை ஓடு, எடை 47 கிலோ. உங்க 56 சதுர மீட்டருக்கு 2,600 கிலோ. இப்போ இருப்பது 900. ஆஸ்பெஸ்டாஸுக்காகச் செய்த டிரஸ் இதைத் தாங்கும்னு யாரும் வாயால் உத்தரவாதம் தரக்கூடாது. அதை எஞ்சினியர் எழுதித் தரணும். பாரம் கூடினா அன்றைக்கே இடிஞ்சு விழாது. கைமரம் மெள்ள வளையும், முகடு குதிரை முதுகு மாதிரி தொய்யும், ஓடுகளுக்கு நடுவே வாய் விடும்.

பாரத்தை விட்டாலும் சரிவு இடிக்குது. கான்கிரீட் ஓட்டுக்கு அண்டர்லே (ஓட்டுக்கு அடியில் விரிக்கிற தாள்) போட்டாலே குறைந்தது 17 பாகை வேணும்; மீட்டருக்கு 306 மி.மீ. உயரம். அண்டர்லே இல்லாம போடணும்னா 26 பாகை, 488 மி.மீ. உங்களுடையது 12. ஓட்டின் ஒட்டு தண்ணிக்கு அடைப்பு இல்லை, வேகமா வழிஞ்சு ஓடினாத்தான் அது காக்கும். சரிவு குறைஞ்ச இடத்தில் காற்று தண்ணியை ஓட்டுக்கு அடியில் மேல்நோக்கித் தள்ளும். "இருக்கிற மரத்திலேயே" ஓடு என்று சொன்னவரை அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விலக்கலாம்.

குளிர்ச்சி அப்பா சொல்கிற மாதிரி முக்கியம்தான். அதற்குச் சீலிங் மேலே 135 மி.மீ. கண்ணாடிப் பஞ்சு விரிங்க, வெளிர் நிறத் தகடு எடுங்க. கரும்பச்சை, கருஞ்சாம்பல் வேண்டாம்.

நடுச்சுவர். இதுதான் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரட்டை வீடுகளில் அதிகம் கெட்டுப்போகிற இடம். பழைய ஷீட்டின் அலை ஐம்பது மி.மீ.க்கு மேல் உயரம், ஐ.பி.ஆர். மேடு 37. ஒன்று மற்றதில் உட்காராது. ஒன்றின்மேல் ஒன்றை வைச்சு, இடையில் சிலிகானோ தார்ப்பசையோ அடைச்சு விட்டுடறாங்க. ஒரு வருஷத்தில் பிளந்துக்கும், தண்ணி நடுச்சுவர் வழியா இரண்டு வீட்டுக்கும் இறங்கும்.

சரியான வழி இரண்டு இருக்கு. முதலாவது, நடுச்சுவரைக் கூரைக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. வரும்படி செங்கல் வைத்து உயர்த்துவது. இரண்டு பக்கமும் சுவரோரமாப் பக்கவாட்டு ஃபிளாஷிங், அதன் மேல் விளிம்பு சுவரில் 25 மி.மீ. ஆழம் வெட்டிய காடிக்குள் நுழைஞ்சிருக்கணும். வெறும் சுவர்மேல் வைச்சு ஸ்குரூ அடிச்சு சீலன்ட் பூசினது ஃபிளாஷிங் இல்லை. சாந்து காயும் வரை ஏஇசட் தகட்டில் படாம பாத்துக்கணும், காரணத்தைத் தகரப்பட்டறை சொல்லிட்டார்.

இரண்டாவது, சுவரை உயர்த்த அவர் ஒத்துக்கலைன்னா, ஒட்டின் அடியில் சரிவோடு இறங்குகிற மறைவுக் கால்வாய். 200 மி.மீ. அகலத் தகட்டுத் தொட்டி, அடியில் பலகை தாங்கணும், கீழ் முனை கட்டருக்குள் திறக்கணும். அந்தப் பக்கப் பழைய ஷீட்டின் ஓரமும் உங்க தகட்டின் ஓரமும் ஐம்பது அறுபது மி.மீ. அதுக்குள் நீட்டி நிக்கணும், நடுவே 75 மி.மீ. திறந்திருக்கணும், இல்லைன்னா இலை அடைச்சுக்கும். இதில் பழைய ஷீட்டைத் துளைக்கும் வேலையே இல்லை.

எந்த வழியானாலும் சுவரைத் தாண்டிக் கிடக்கிற ஷீட்டை வெட்டணும், இல்லை முழுசா எடுத்து அவர் பக்கமும் கொஞ்சம் புதுசு போடணும். இரண்டுமே பதிவு பெற்ற ஆள் செய்யவேண்டிய வேலை. வெட்டினா ஈரத்தோட கைவாளால் மட்டும். அடுத்த வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கோங்க. திறந்திருக்கும் நாளில் சீலிங் மேல் நடுச்சுவர் ஷீட்டின் அடிவரைக்கும் போகுதா பாருங்க. இடைவெளி இருந்தா செங்கல், சாந்து வைச்சு அடைச்சுடுங்க. ஒரு வீட்டில் தீ பிடிச்சா மறு வீட்டுக்கு ஓடுவது அந்த வழியாத்தான்.

பட்டை பற்றிக் கேட்பீங்க: பழைய சுவருக்குள் 600 மி.மீ. புதைக்க முடியாது. டிரஸில் ஆணியடிச்ச பட்டையைச் சுவரின் உள்முகத்தில் 600 மி.மீ. கீழே வரை இறக்கி, செங்கலில் நாலைஞ்சு இடத்தில் பிளக்கும் ஸ்குரூவும் போட்டுப் பூசிடலாம். சீலிங் மூலையைக் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும். பர்லினைக் கைமரத்தோட பிடிக்க வெறும் ஆணி போதாது, ஆணி மேல்நோக்கி இழுத்தா உருவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஹரிகேன் கிளிப் (இரண்டு மரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புத் துண்டு) கேளுங்க.


நீர்வழி

மரத்தையும் பார்த்துவிடுங்கள். கூரை திறந்திருக்கும் ஒரே நாள் அது. திருப்புளியால் ஒவ்வொரு டிரஸின் முனையையும், வால்பிளேட்டையும் குத்துங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. சீலிங்கில் கசகசா போன்ற உருண்டைத் துகள் குவியல் தெரிந்தால் அது உலர்மரக் கறையான். டர்பனில் வெகுகாலமாக உள்ள தொல்லை. அதற்கு மண்ணோடு தொடர்பே தேவையில்லை, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். புதிதாக வாங்கும் பர்லின் மருந்தேற்றிய மரமாக, எச்2 முத்திரையோடு இருக்க வேண்டும். வெட்டிய முனைக்கு மருந்து பூச வேண்டும்.

கட்டர்: ஒரு சரிவின் கிடைப்பரப்பு 27 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 140 சதுர மி.மீ. குழாய்வாய் என்று கணக்கிட்டால் 3,800 சதுர மி.மீ. 75 மி.மீ. வட்டக் குழாய் 4,400 தரும், மட்டுமட்டு. 100க்கு 75 நீள்சதுரக் குழாய் 7,500 தரும், இலை விழும் முற்றத்துக்கு அதுதான் நிம்மதி. கட்டரின் சாய்வு 200க்கு 1, அதாவது உங்கள் 7.3 மீட்டருக்கு 37 மி.மீ.


சாட்ஸ்வொர்த்_வீடு

அப்பா ஐ.பி.ஆர்.க்குச் சம்மதித்துவிட்டார். அடுத்த வீட்டு மாமா சுவரை உயர்த்தலாம், ஆனால் செலவு உங்களுடையது என்கிறார். ஒரே ஒரு சந்தேகம்: கீசர் கூரைக்குள் இருக்கிறது. அதன் வழிவுக் குழாய் செம்பு, இறவானத்துக்கு மேலே வெளியே வந்து ஷீட்டின் மேல் சொட்டுகிறது. தகரப்பட்டறை ஐயா சொன்ன செம்புத் தண்ணீர் இதுதானா?


தகரப்பட்டறை

இதுவேதான். அந்தச் சொட்டு விழும் பள்ளம் மட்டும் கீழ்நோக்கி ஒரு கோடாக வெளுத்து, பிறகு துருவாக ஓட்டை விழும். ஷீட் ஏறும் முன்பே பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயை ஷீட்டைத் தொடாமல் இறவானத்தின் அடிவழியாக வெளியே எடுத்து, நேராகத் தரையில் விழும்படி திருப்பச் சொல்லுங்கள். கட்டரிலும் விழக் கூடாது, கட்டரும் அதே தகடுதான். அழுத்த வால்விலிருந்து வரும் குழாயானால் கொதிநீர் வரும். கடைசிவரை உலோகக் குழாய், நடுவில் அடைப்பு வால்வு கூடாது, முனை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தரைக்கு அருகில் முடிய வேண்டும். குழாய் வெளியே வரப் பழைய ஷீட்டில் துளையிட்டிருந்தால், புதுத் தகட்டில் அதே இடத்தில் திரும்பத் துளைக்க விடாதீர்கள்.